தில்லியில் மாசிப் பட்டம்

தில்லிக்குக் குடிவந்த முதல் ஆண்டு, பொங்கலுக்கு மறுநாள் வெண்டை விதை ஊன்றினோம். ஊரிலிருந்து கொணர்ந்த விதை. தைப்பட்டம் என்ற துணிவு. இருபது நாள் கழித்து மண்ணைக் கிளறியபோது விதைகள் அழுகிக் கிடந்தன. விதையைக் குறை கூறினோம். குறை விதையில் இல்லை. நாம் உடன் கொணர்ந்த பருவக் கணக்கில் இருந்தது.

தில்லியில் தை கடுங்குளிர்க் காலம். சனவரி இரவுகளில் வெப்பம் 7, 8 பாகைக்கு இறங்கிவிடும். வெண்டை விதையோ, மண்ணின் வெப்பம் ஏறத்தாழ 20 பாகையை எட்டினாலன்றிச் செவ்வையாக முளைப்பதில்லை. சாலையோரத்து இலவமரங்கள் செம்பூக்களைச் சொரியத் தொடங்கும் மாசியே அதற்குரிய காலம்.

வடநாட்டு வசந்தம் இனியது; ஆயினும் ஆயுள் குறுகியது. குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டத்தில், 2023 முதல் 'அம்ருத் உத்யான்' எனப் பெயர்பெற்ற அத்தோட்டத்தில், மலர் காண மக்கள் திரளும் அச்சில வாரங்களே நம் கொல்லைக்கும் உரிய வாரங்கள். மே மாதத்தில் வெயில் 40 பாகையைத் தாண்டும். சுரை, பீர்க்கு, பாகல் ஆகிய கொடிகளில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே தோன்றுவன. வெப்பம் மிகுந்து பகலும் நீளுமாயின் ஆண்பூக்களே பெருகும். பந்தல் நிறையப் பூத்தும் காயில்லையே என்று வருந்துவோர் பலர், காலந்தாழ்த்தி விதைத்தவரே.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது இங்கே பொய்த்ததென்று நாம் கூறவில்லை. மழைக்கால விதைப்பு இங்கும் உண்டு. ஆனால் அப்போது வெள்ளை ஈ பெருகும். அது பரப்பும் நோயால் வெண்டையிலை நரம்புகள் மஞ்சளித்துக் காயும் வெளிறும். வசந்தத்து வெண்டைக்கு அத்தொல்லை குறைவு. இரவு முழுதும் நீரில் ஊறவைத்து ஊன்றினால், 50 அல்லது 60 நாளில் முதற்காய் பறிக்கலாம். 'பூசா' என்னும் அடைமொழியுடன் வரும் விதைகள் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தினர் உருவாக்கியவை. 1934-ஆம் ஆண்டுப் பூகம்பத்திற்குப் பின், 1936-ல் பீகாரிலுள்ள பூசா என்னும் ஊரைவிட்டுத் தில்லிக்கு வந்த நிறுவனம் அது. ஊர்ப்பெயரையும் விடாது கொணர்ந்தது. அவ்வகையில் நம் இனமே! கடையில் கேட்குங்கால் வெண்டை 'பிண்டி', சுரை 'லௌகி', பீர்க்கு 'தோரி', பாகல் 'கரேலா'.

கறிவேப்பிலைக் கன்று குளிரில் இலையுதிர்த்து வெறுங்குச்சியாய் நிற்பதுண்டு. பட்டுப்போயிற்றென்று பிடுங்கிவிட வேண்டா. நீரைக் குறைத்து ஊற்றிக் காத்திருந்தால், குளிர் நீங்கியதும் துளிர்க்கும்.

நிலமில்லையே என்பர் மாடிவீட்டார். எங்கள் குடியிருப்பில் மண் கீழ்வீட்டுப் பஞ்சாபிக் குடும்பத்தாருடையது. பந்தற்கயிறும் எருவும் மாடியிலுள்ள எம்முடையவை. பங்குனியில் வேம்பும் அரசும் உதிர்க்கும் சருகைத் தெருவார் அனைவரும் கூடி ஒரே குழியில் இட்டு மக்கவைக்கிறோம். திறந்தவெளியில் சருகெரிப்பது தில்லியில் தடைசெய்யப்பட்ட செயலுமாகும். அவ்வெரு மறு ஆண்டு மாசிக்கு உதவுகிறது.

சுரைக்கொடி கீழ்வீட்டில் வேரூன்றி, எங்கள் மாடிக் கைப்பிடிச் சுவரில் காய்க்கிறது. காய் எவருடையது என்னும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. இப்போதைக்கு, முதற்காய் கீழ்வீட்டு மூதாட்டிக்கு. அவர் கோப்தா செய்து பாதியை மாடிக்கு அனுப்பிவிடுகிறார்.