'டீமன் ஸ்லேயர்' பொன்னேரி வரைக்கும் வருமா? பழவேற்காட்டு அனிமே ரசிகரின் தியேட்டர் கணக்கு!

நீங்க கோட்டைக்குப்பத்திலயோ ஆண்டிக்குப்பத்திலயோ இருக்கிற ஓர் அனிமே ரசிகர்னு வெச்சுக்கோங்க. எபிசோடு எல்லாம் போன்லயே முடிச்சாச்சு. இப்போ படம் தியேட்டருக்கே வருது. பழவேற்காட்டுல பஸ் பிடிச்சு பொன்னேரி, அங்கிருந்து மின்சார ரயில்ல சென்னை, அப்புறம் மல்டிபிளெக்ஸ். நைட் ஷோன்னா திரும்பி வர்றது பெரும்பாடு. "பொம்மைப் படத்துக்கா இவ்ளோ தூரம்?"னு வீட்ல விழுற திட்டு தனிக்கணக்கு!

ஆனா, இந்தப் படங்கள் இந்தியத் தியேட்டருக்குள்ள வந்ததுல ரசிகர்களோட நச்சரிப்புக்குப் பெரிய பங்கு இருக்கு. 2019-ல் மகோடோ ஷின்காய் இயக்கிய 'வெதரிங் வித் யூ' படத்தை இங்கே வெளியிடச் சொல்லி ஓர் ஆன்லைன் மனு கிளம்புச்சு. 50,000-க்கும் மேல கையெழுத்து. அக்டோபர் 11-ல் படம் ரிலீஸ், இயக்குநரே இந்தியாவுக்கு வந்தார். டோக்கியோவில் விடாம மழை கொட்டுற கதை. எனக்கு அது ஃபேன்டஸி. ஐப்பசி, கார்த்திகையில படகை இறக்க முடியாம உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு எப்படியோ! ஒரே சிக்கல், ஜப்பானிய மொழியில பேசினாங்க, கீழே ஆங்கிலத்துல ஓடுச்சு.

அது மாறினது 2025-ல். ஜனவரி 24-ல் இந்திய - ஜப்பானியக் கூட்டுத் தயாரிப்பான பழைய 'ராமாயணா' தமிழ் டப்பிங்கோட வந்தது. செப்டம்பர் 12-ல் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேசில்', அதுவும் தமிழ்ல! ஜப்பான்ல ஜூலை 18 ரிலீஸ். ரெண்டு மாசத்துக்குள்ள இங்கே. ரெண்டரை மணி நேரத்துக்கு மேல ஓடுற படத்துல, வாள்சண்டையைப் பார்க்கிறதா, கீழே எழுத்தைப் படிக்கிறதா? தமிழ்ல வந்தாதான் ஷின்சானையும் டோரேமானையும் தமிழ்ல பார்த்து வளர்ந்த தம்பி, தங்கச்சியும் கூட வருவாங்க.

சரி, பொன்னேரி மாதிரி ஊர்ல போட என்ன தடை? இப்போ படச்சுருளே கிடையாது. படம் டிஜிட்டல் ஃபைலா வரும், அதைத் திறக்கக் குறிப்பிட்ட நாளுக்கு மட்டும் வேலை செய்ற 'கீ' வரும். அதனால டெக்னிக்கலா பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் ஷோவுலதான். உங்க ஏரியில பாடு முறை இருக்கே... யார், எந்த நாள், எந்த இடத்துல வலை போடுறதுன்னு முறைவெச்சுப் பிரிச்சுக்குவாங்க. (பாடு உரிமை இருக்கிறவங்களுக்குத்தான், அது வேற பஞ்சாயத்து!) தியேட்டர்ல முறையும் கிடையாது, சீட்டுக் குலுக்கலும் கிடையாது. முதல் வெள்ளி, சனி, ஞாயிறு கூட்டம் எங்கேயோ, அடுத்த வார ஷோ அங்கே. பெரிய ஹீரோ படம் வந்தா அனிமேதான் முதல்ல ஓரங்கட்டப்படும்.

அதனால, 'அடுத்த வாரம் பார்த்துக்கலாம்'னு விடாதீங்க. புக்கிங் ஆப்ல மொழியைப் பார்த்து, தமிழ் ஷோவையே எடுங்க. தனித்தனியா போறதைவிட, பத்து இருபது பேரா சேர்ந்துக்கிட்டு, பக்கத்துத் தியேட்டர் மேனேஜரை ரிலீஸுக்கு முன்னாடியே போய்ப் பாருங்க. 'இன்ஃபினிட்டி கேசில்' மூணு படங்கள்ல முதல் பாகம்தான், இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு. சனிக்கிழமை காலைக் காட்சியாக் கேளுங்க, வெளிச்சம் இருக்கும்போதே ஊர் திரும்பிடலாம்.