மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் வருவது தெரிகிறதா? பழைய சுழல் விளக்கும் புது எல்.இ.டி.யும்!

கள்ளக்குறிச்சி,

ராத்திரி வேளை. கச்சிராயப்பாளையத்தைத் தாண்டி, கோமுகி அணைப் பக்கம் ஏறத் தொடங்குகிறது கல்வராயன் மலை ரோடு. ஒரு வளைவு, அடுத்து இன்னொரு வளைவு. எதிரே வருவது பஸ்ஸா, மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரியா என்பது திரும்பிய பிறகுதான் தெரியும்.

மேலே வெள்ளிமலையிலிருந்து ஆம்புலன்ஸ் இறங்குகிறது. உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண். சைரன் அலறுகிறது. ஆனால் மலையில் சத்தத்தை நம்ப முடியாது. பாறையில் மோதி எதிரொலித்து, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே புரியாமல் போய்விடும்.

அந்த இடத்தில் டிரைவருக்குத் துணை, கூரையில் இருக்கிற விளக்குதான். வளைவுக்கு அப்பால் பாறையிலும் மரத்திலும் அந்த வெளிச்சம் பளிச் பளிச்சென்று விழுந்தால், எதிரே வருகிறவர் முன்கூட்டியே ஒதுங்கி நிற்பார். விளக்கு மங்கலாக இருந்தால்?

ஆம்புலன்ஸ் விளக்கைப் பற்றி எழுத அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. பழைய வண்டிகளில் இருக்கும் சுழல் விளக்கைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டுவது இப்போது எல்லா ஊர் ஒர்க்ஷாப்பிலும் நடக்கிற வேலை. ஒழுங்காகச் செய்தால் உயிரைக் காக்கும். ஏனோதானோ என்று செய்தால் எதிரே வருகிறவன் கண்ணைக் கெடுக்கும்.

அந்த ஜூன் மாதம்

கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு ஆம்புலன்ஸ் விளக்கைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2024-ம் வருஷம் ஜூன் மாதம் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கண் பார்வையையே பறிக்கிற விஷம் அது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியிலிருந்து சேலத்துக்கும், விழுப்புரம் முண்டியம்பாக்கத்துக்கும், புதுச்சேரி ஜிப்மருக்கும் ஆம்புலன்சுகள் ஓடின. சேலம் என்றால் 80 கிலோ மீட்டருக்கு மேல்.

அந்தச் சோகத்துக்குப் பிறகுதான் சென்னை ஐகோர்ட்டு, கல்வராயன் மலை மக்களின் வாழ்வு நிலை குறித்துத் தானாகவே வழக்கு எடுத்து விசாரித்தது. ரோடு, ஆஸ்பத்திரி எல்லாம் கேள்விக்கு வந்தன. 1976-ல்தான் ஜாகீர்தார்கள் பிடியிலிருந்து அரசு நிர்வாகத்துக்கு வந்த மலை இது. ரோடு எட்டாத ஊர்களிலிருந்து நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்த சேதிகள் பத்திரிகைகளில் பலமுறை வந்திருக்கின்றன. டோலி வந்து சேருகிற இடத்தில் தெருவிளக்கு இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆம்புலன்சின் வெளிச்சம்தான் அங்கே எல்லாம்.

சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆனாலும் மலையிலிருந்து கீழே வந்து சேர வேண்டுமே!

கரண்டு குடிக்கும் பழசு

பழைய சுழல் விளக்குக்குள் என்ன இருக்கிறது? ஒரு ஆலஜன் பல்பு. அதைச் சுற்றி ஓடுகிற கண்ணாடித் தகடு. அதைச் சுற்ற ஒரு சின்ன மோட்டார். அவ்வளவுதான்.

பல்பு ஒன்று 55 வாட் என்று வைத்துக் கொள்ளுங்கள். 12 வோல்ட் பேட்டரியில் அது சுமார் நாலரை ஆம்பியர் இழுக்கும். கூரையில் நாலு பல்பு இருந்தால் 18 ஆம்பியர். மோட்டார் இழுப்பது தனி.

விபத்து நடந்த இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, என்ஜினை நிறுத்திவிட்டு, விளக்கை மட்டும் எரிய விட்டால் என்ன ஆகும்? 100 ஆம்பியர் மணி பேட்டரி கணக்குப்படி ஐந்து மணி நேரம் தாங்க வேண்டும். ஆனால் பேட்டரி பாதி இறங்கினாலே ஸ்டார்ட்டர் திணற ஆரம்பித்துவிடும். உள்ளே லைட், பேன், சளி உறிஞ்சும் கருவி எல்லாம் அதே கரண்டில்தான் ஓட வேண்டும். பேட்டரியும் பழசு என்றால் கேட்கவே வேண்டாம். காயம் பட்டவரை உள்ளே ஏற்றிவிட்டு, வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணுகிற கொடுமை நடக்கும்.

இன்னொரு கூத்து, நீலக் கண்ணாடி. ஆலஜன் வெளிச்சம் மஞ்சள் சாயல் கொண்டது. அதில் நீலம் ரொம்பக் குறைவு. மேலே நீல மூடியைப் போட்டால் பெரும் பகுதி வெளிச்சம் மூடியோடு நின்றுவிடும். பேட்டரியைக் கரைத்து உண்டாக்கிய வெளிச்சம் வெளியே வருவதில்லை!

எல்.இ.டி. அப்படி இல்லை. நீலம் வேண்டுமானால் நீலத்தையே கக்கும். அதே வேலையை மூன்றில் ஒரு பங்கு, நாலில் ஒரு பங்கு கரண்டில் முடித்துவிடும். பல்புக்குள் இழை கிடையாது. ஆகவே மலை ரோட்டு குலுக்கலில் அறுந்து போக ஒன்றும் இல்லை. ஆலஜன் ஆயுள் சில நூறு மணி நேரம். நல்ல எல்.இ.டி.க்குப் பல ஆயிரம் மணி நேரம்.

சிவப்பு எல்.இ.டி. 1962-லேயே வந்துவிட்டது. நீலம் மட்டும் விஞ்ஞானிகளுக்கு 30 வருஷம் தண்ணி காட்டியது. அதைச் சாதித்த ஜப்பானில் பிறந்த மூன்று பேருக்கு 2014-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இங்கேதான் சிக்கல்

"பல்புதானே, கழற்றி மாட்டினால் போச்சு" என்று நினைப்பவர்கள்தான் மாட்டிக் கொள்கிறார்கள்.

முதலில் இண்டிகேட்டர். 21 வாட் பல்பு இழுக்கிற கரண்டை வைத்துத்தான் பழைய பிளாஷர் 'டக் டக்' என்று துடிக்கும். எல்.இ.டி. இழுப்பது கொஞ்சம். உடனே பிளாஷர் 'பல்பு போயிடுச்சு' என்று நினைத்துப் படபடவென்று அடிக்கும். சில ரகம் துடிக்காமலே நின்றுவிடும். இதற்குச் சிலர் குறுக்கே ஒரு ரெசிஸ்டரைப் போட்டுச் சமாளிக்கிறார்கள். அது கொதிக்கும். மிச்சம் பிடித்த கரண்டையும் தின்றுவிடும். எலெக்ட்ரானிக் பிளாஷராக மாற்றுவதுதான் ஒழுங்கான வழி.

அடுத்தது கூரை. பல ஆம்புலன்சுகளில் கூரைக்கு மேல் பைபர் வேலை. பைபரில் எர்த் கிடைக்காது. தனி ஒயர் இழுத்து சேசிசில் கட்ட வேண்டும். பழைய விளக்கின் துளைகளை அடைக்காமல் விட்டால், மழை பெய்கிறபோது தண்ணீர் எங்கே சொட்டும்? ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவர் முகத்தில்தான்.

மலிவு விலை விளக்குகளில் இன்னொரு தொல்லை. உள்ளே இருக்கும் சர்க்யூட் இரைச்சலைக் கிளப்பி, ரேடியோவையும் வயர்லெசையும் கரகரக்க வைக்கும். விளக்கைப் போட்டுப் பார்த்து, ரேடியோவையும் திருகிப் பார்த்த பிறகே வண்டியை வாங்க வேண்டும்.

பழைய மூடியை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே கண்ட நிறத்தையும் வைக்கிறவர்களும் உண்டு. சிவப்புக் கண்ணாடிக்குள் நீல எல்.இ.டி.யை வைத்தால் இருட்டுதான் மிஞ்சும்.

கண்ணைக் கூசினால்?

ரொம்பப் பேர் கவனிக்காத விஷயம் இது. பகலில் பளிச்சென்று தெரிகிற அதே விளக்கு, ராத்திரியில் எதிரே வருகிறவரைக் குருடாக்கிவிடும். நீல வெளிச்சம் இருட்டுக்குப் பழகிய கண்ணை இன்னும் அதிகமாக உறுத்தும். வண்டி நிற்கும்போது அதற்குப் பக்கத்தில் ஸ்ட்ரெச்சர் தூக்குகிற ஆட்களே எதிரே வருகிற டிரைவருக்குத் தெரியாமல் போகலாம்.

அதனால் நல்ல விளக்கில் ராத்திரிக்கு என்று மங்கலாக்கும் சுவிட்சு இருக்கும். ஐரோப்பிய விதியில் வினாடிக்கு இரண்டு முதல் நாலு தடவை மினுக்கினால் போதும். இங்கே சில வண்டிகளில் தீபாவளி மத்தாப்பு மாதிரி ஏழெட்டு தினுசில் துடிக்க விடுகிறார்கள். வேடிக்கை பார்க்கத்தான் லாயக்கு.

மலையில் பனி இறங்கும் மாதங்களில் இன்னொரு ஆபத்து. முன்பக்க மினுக்கல் பனியில் பட்டுத் திரும்பி, ஆம்புலன்ஸ் டிரைவரின் கண்ணிலேயே அடிக்கும். முன்பக்கத்தை மட்டும் தனியாக அணைக்க ஒரு சுவிட்சு வைப்பது பெரிய செலவு இல்லை.

ஹெட்லைட் விஷயமே வேறு. ஆலஜனுக்காகச் செய்த ஹெட்லைட்டுக்குள் எல்.இ.டி. பல்பைத் திணித்தால் வெளிச்சம் ரோட்டில் விழாமல் மேலே சிதறும். பல்பின் இழை எந்த இடத்தில் இருக்க வேண்டுமோ, அந்த இடத்துக்குத்தான் அந்தக் கண்ணாடி வளைவு கணக்குப் போட்டுச் செய்யப்பட்டிருக்கிறது. அதைத் தொடாமல் விடுவதே நல்லது.

அதற்குப் பதில் பக்கவாட்டிலும் பின் கதவுக்கு மேலும் வெள்ளை எல்.இ.டி. போகஸ் விளக்கு மாட்டலாம். மினுக்காத, சீரான வெளிச்சம். இருட்டில் டோலியிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்றுகிற இடத்தில், நரம்பைத் தேடி ஊசி போடுகிற இடத்தில், இதுதான் உதவும். மலை வண்டிக்குக் கூரை விளக்கைவிட இதையே முதலில் மாட்டச் சொல்லலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதி 108, ஆம்புலன்சுக்கு ஊதாக் கண்ணாடி போட்ட மினுக்கும் சிவப்பு விளக்கை அனுமதித்தது. விதியின் எண்ணும் 108 என்பது வேடிக்கையான பொருத்தம். தமிழ்நாட்டில் 108 சேவை தொடங்கியது 2008 செப்டம்பரில். மந்திரிகள், அதிகாரிகள் கார்களிலிருந்த சிவப்பு விளக்கு 2017 மே 1 முதல் போய்விட்டது. அவசர வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. ஆகவே நிறத்தையும் இடத்தையும் மாற்றுவதற்கு முன்பு ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுக் கொள்வது நல்லது. பதிவில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு.

ரோட்டில் போகிறவர்களுக்கும் ஒரு சட்டம் உண்டு. ஆம்புலன்சுக்கு வழி விடாவிட்டால் 10 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். 2019-ல் சேர்த்த 194-இ பிரிவு இது. கள்ளக்குறிச்சி நான்குமுனை சந்திப்பில், துருகம் ரோட்டிலிருந்தும் சேலம் ரோட்டிலிருந்தும் வண்டிகள் முட்டிக் கொண்டு நிற்கிறபோது, பின்னால் விளக்கு தெரிந்தாலும் ஒதுங்க இடம் வேண்டுமே என்பார்கள். கடை வாசலில் சாய்த்து நிறுத்திய மோட்டார் சைக்கிளை உள்ளே தள்ளினால் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

கடைசியாக, வண்டியின் வயசு. அரசு பெயரில் உள்ள வண்டிகளுக்கு 15 வருஷம் முடிந்தால் பதிவைப் புதுப்பிக்க முடியாது. 2023 ஏப்ரல் 1 முதல் இந்த விதி. அதனால் 13, 14 வருஷம் ஓடிய வண்டியில் காசு போடலாமா என்று யோசிக்கிறவர்கள், நட்டு போல்ட்டோடு மொத்தமாகக் கழற்றக் கூடிய விளக்காகப் பார்த்து வாங்கினால், அதைக் கழற்றி அடுத்த வண்டியின் கூரையில் மாட்டிக் கொள்ளலாம்.