"இங்கே வா, இதைப் பார்!" - ஊரைக் கூட்டிய பாட்டுப் படங்கள்

நான்கு வாலிபர்கள். எட்டு எந்திரங்கள்.

"டிரெட்மில்" என்று சொல்வார்களே, அந்த எந்திரம்தான். அடியில் ஒரு பட்டை ஓடிக்கொண்டே இருக்கும். அதன் மேல் ஏறி எவ்வளவு தூரம் நடந்தாலும் ஆள் இருந்த இடத்திலேயே இருப்பார். உடம்பு இளைக்க வேண்டும் என்று ஆசையோடு வாங்குவார்கள். கொஞ்ச நாள் போனதும் அதன் மேல் துணி உலரும்!

இந்த நான்கு பேர் வேறு காரியம் செய்தார்கள். எட்டு எந்திரங்களையும் இரண்டு வரிசையாக நிறுத்தி ஓடவிட்டார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினார்கள், சறுக்கினார்கள், பின்பக்கமாக நடந்தார்கள். பாட்டு ஏறக்குறைய மூன்று நிமிடம். அத்தனை நேரமும் ஆட்டம் நிற்கவில்லை. கால் கொஞ்சம் பிசகினால் பல் உடைய வேண்டியதுதான். 17 தடவை முயற்சி செய்த பிறகே படம் சரியாக அமைந்தது.

2006-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி அந்தப் படம் "யூடியூப்" தளத்தில் வெளிவந்தது. ஆறே நாளில் 10 லட்சம் தடவை பார்க்கப்பட்டது. மறு ஆண்டு, குறும் இசைப் படத்துக்கான "கிராமி" பரிசும் அதற்குக் கிடைத்தது.

இதற்கு என்ன பெரிய ஸ்டூடியோ என்று கேட்கலாம். ஸ்டூடியோவே இல்லை. பாடகரின் சகோதரி வீடு! நடனம் அமைத்தவரும் அந்தச் சகோதரிதான். இப்படி ஒரு படம் எடுக்கப்படுகிறது என்று இசைத்தட்டுக் கம்பெனிக்குச் சொல்லக்கூட இல்லை.

பெயர் வந்த கதை

இந்த இசைக் கோஷ்டியின் பெயர் "ஓகே கோ". அமெரிக்காவில் சிகாகோ நகரில் 1998-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. பாடகர் டேமியன் குலாஷ். பாஸ் கிதார் வாசிப்பவர் டிம் நார்ட்விண்ட். இருவரும் 11 வயதில், மிச்சிகன் மாநிலத்தில் நடந்த ஒரு கலை முகாமில் சிநேகமானவர்கள். அங்கே இருந்த ஓவிய ஆசிரியர், பிள்ளைகள் படம் வரைவதற்கு முன்பு "ஓகே... கோ!" என்று குரல் கொடுப்பாராம். "சரி, ஆரம்பிக்கலாம்!" என்று அர்த்தம். அதையே பிற்காலத்தில் கோஷ்டிக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். டான் கோனோப்கா டிரம்ஸ் வாசிப்பவர். ஆண்டி ராஸ் 2005-ல் வந்து சேர்ந்தவர்.

2002-ல் முதல் ஆல்பம் வெளிவந்தபோது எல்லாம் வழக்கப்படிதான் நடந்தது. பெரிய கம்பெனி, பெயர்பெற்ற டைரக்டர், முறையான படப்பிடிப்பு. அப்போதெல்லாம் பாட்டுப் படம் என்பது டெலிவிஷன் நிலையத்துக்காக எடுக்கப்பட்டது. நிலையத்தார் மனம் வைத்து ஒளிபரப்பினால் உண்டு, இல்லாவிட்டால் படம் பெட்டிக்குள் தூங்கும். செலவிலே ஒரு பங்கை, பாடுகிறவர்கள் கணக்கில்தான் பற்று எழுதுவார்கள். ரசிகர் இந்தக் கணக்கில் எங்கேயும் வரமாட்டார்.

ரசிகர் எதைப் பார்த்துக் குதிக்கிறார் என்பது இந்த நால்வருக்கு மேடையில் தெரிந்தது. கச்சேரி முடிவில் வாத்தியங்களைக் கீழே வைத்துவிட்டு, நால்வரும் வரிசையாக நின்று தமாஷாக ஒரு ஆட்டம் ஆடுவார்கள். பாட்டுக்குக் கிடைத்த கைதட்டலைவிட இந்த ஆட்டத்துக்கு ஆரவாரம் அதிகமாக இருந்தது.

2005-ல் புதிய பாட்டு ஒன்றுக்கு அதேபோல ஆட்டம் தயாரானது. ஒத்திகை எப்படி இருக்கிறது என்று பார்க்க, குலாஷின் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒரு காமிராவை நிறுத்தி வைத்துப் பிடித்தார்கள். அது வெளியே பரவியது. நண்பர் நண்பருக்கு அனுப்ப, லட்சக்கணக்கானவர்கள் பார்த்துவிட்டார்கள். அதுமட்டுமா? பார்த்தவர்கள் தாங்களும் நாலு பேராகச் சேர்ந்து ஆடிப் படம் பிடித்து அனுப்பத் தொடங்கினார்கள்!

இங்கேதான் அவர்களுக்கு விஷயம் புரிந்தது.

காமிரா அசையாததால் தலை முதல் கால் வரை ஆட்டம் முழுவதும் தெரிகிறது. வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. ஆகவே "இது தந்திரக் காட்சி" என்று யாரும் சந்தேகப்பட முடியாது. ஆடுகிறவர்கள் தேர்ந்த நடனக்காரர்கள் அல்ல. ஆகவே "நாமும் ஆடலாமே" என்ற தைரியம் பார்ப்பவருக்கு வருகிறது. அந்த நாளில் கம்ப்யூட்டரில் படம் ஓடும் கட்டம் மிகச் சிறியது. அதிலேயும் நான்கு உருவங்கள் தெளிவாகத் தெரிந்தன. லட்சம் டாலர் செலவழித்து எடுத்த இருட்டுக் காட்சிகள், அந்தச் சின்னக் கட்டத்தில் வெறும் கறுப்பாகத்தான் தெரியும்.

பார்ப்பவர் ஒருவர், பக்கத்தில் இருப்பவரை "இங்கே வா, இதைப் பார்!" என்று கூப்பிட வேண்டும். அப்படிக் கூப்பிட வைப்பது எது? இந்தக் கேள்வியை முன்னால் வைத்து யோசித்ததால் வந்ததுதான் அந்த எட்டு எந்திர ஆட்டம்.

கம்பெனி போட்ட பூட்டு

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு இடி விழுந்தது.

யூடியூபில் உள்ள ஒரு படத்தை, ரசிகர்கள் தங்கள் சொந்த இணையப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொள்ள வசதி உண்டு. அந்தப் பக்கத்துக்கு வருகிறவர்கள் அங்கேயே படத்தைப் பார்க்கலாம். இவர்கள் படம் பரவியதே இந்த வழியில்தான். ஆனால், அப்போது யூடியூப் தளத்துக்கே வந்து பார்த்தால்தான் கம்பெனிக்குக் காசு கிடைத்தது. வேறு பக்கத்தில் ஒட்டிப் பார்த்தால் காசு கிடைக்கவில்லை. எனவே அந்நாளில் இவர்களுடைய கம்பெனியாக இருந்த ஈ.எம்.ஐ., அந்த வசதியைப் பூட்டிவிட்டது.

என்ன நடந்தது? 2010-ம் ஆண்டு பிப்ரவரியில் "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகையில் குலாஷே கட்டுரை எழுதி, கணக்கைப் போட்டுக் காட்டினார். எட்டு எந்திரப் படத்தை நாளைக்கு 10 ஆயிரம் தடவை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூட்டு விழுந்த பிறகு அது ஆயிரத்துச் சில்லறையாகச் சுருங்கியது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு போயிற்று!

சரி, கோஷ்டிக்குக் காசாவது வந்ததா? ஆறு மாதத்துக்கு இணையத்தில் பாட்டு ஓடியதற்காகக் கம்பெனி அவர்கள் கணக்கில் வரவு வைத்த தொகை 27 டாலர் 77 சென்ட். நான்கு பேர் ஒருவேளை ஓட்டலில் சாப்பிட்டால் தீர்ந்துபோகும்.

கம்பெனி பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பாட்டுக்கு முதல் போட்டவர்கள் அவர்கள். ஊரெல்லாம் இலவசமாகக் கேட்டால் போட்ட முதல் எப்படித் திரும்பும்? ஆனால் கோஷ்டிக்குச் சோறு போடுவது கச்சேரி டிக்கெட். படம் பார்த்தவர்தான் டிக்கெட் வாங்க வருகிறார். அவர் வருகிற வழியை அடைத்தால் யாருக்கு நஷ்டம்?

700 சாமான்கள், ஒரே ஓட்டம்

இந்தத் தகராறு நடந்துகொண்டிருந்த நேரத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இரண்டு மாடிக் கிடங்கு ஒன்றில் ஓர் அதிசயம் உருவாகிக்கொண்டிருந்தது.

சீட்டு வில்லைகளை வரிசையாக நிறுத்தி, முதல் வில்லையைத் தட்டினால் எல்லாம் சரியும் அல்லவா? அதையே பூதாகரமாகச் செய்வது திட்டம். வில்லை பந்தைத் தள்ளும், பந்து உருண்டு நெம்புகோலை அழுத்தும், நெம்புகோல் குடையை விரிக்கும். இப்படியே போய்ப் பியானோ விழும், டெலிவிஷன் பெட்டி நொறுங்கும். பாட்டு தொடங்கும்போது தொடங்கி, பாட்டு முடியும்போது எல்லாம் முடிய வேண்டும். சுமார் 700 வீட்டுச் சாமான்கள். பாதை நீளம் சுமார் அரை மைல். "சின் லேப்ஸ்" என்ற குழுவைச் சேர்ந்த எஞ்சினீயர்கள் பல மாதம் உழைத்தார்கள்.

கோஷ்டியார் எஞ்சினீயர்களுக்குப் போட்ட நிபந்தனைகளைப் பார்த்தாலே அவர்கள் மனசு தெரியும். முதல் நிபந்தனை: மந்திரம் கூடாது! எது எதைத் தட்டியது, எதனால் அது விழுந்தது என்பது பார்க்கிற குழந்தைக்குக்கூடப் புரிய வேண்டும். மின்சாரப் பொறியை எங்கோ ஒளித்து வைத்து ஆட்டினால் வேலை சுலபம். பார்ப்பவருக்கு என்ன ருசி? அடுத்து, சிறிதாகத் தொடங்கிப் பெரிதாக வளர வேண்டும். பாட்டின் ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி எந்திரமும் நடக்க வேண்டும். ஓர் இடத்தில் எந்திரமே ராகத்தை வாசிக்க வேண்டும். அதற்காகக் கண்ணாடிக் குவளைகளைக் கரண்டிகள் வரிசையாகத் தட்டிப் போகும்படி அமைத்தார்கள்.

சிறிதாகத் தொடங்குவதில் எஞ்சினீயர்களுக்கும் ஒரு லாபம் இருந்தது. பெரிய சாமான்கள் சொன்னபடி கேட்கும். பியானோவைத் தள்ளினால் விழுந்தே தீரும். சிறு பந்துகளும் வில்லைகளும்தான் சண்டிக் குதிரை. தூசு பட்டால் திசை மாறும். அவை தொடக்கத்திலேயே தவறினால் சீக்கிரம் அடுக்கிவிடலாம். கடைசியில் தவறினால்? உடைந்த பியானோவுக்குப் பதில் வேறு பியானோ கொண்டுவர வேண்டுமே!

படப்பிடிப்பு இரண்டு நாள். 60-க்கு மேற்பட்ட தடவை ஓட்டினார்கள். பெரும்பாலும் பாதியிலேயே நின்றுபோயிற்று. இறுதிக் காட்சியில் சாயத் துப்பாக்கிகள் நால்வரையும் குளிப்பாட்டும். ஆனால் கூர்ந்து பார்ப்பவர்களுக்குப் படத்தின் தொடக்கத்திலேயே அவர்கள் உடுப்பில் சாயக் கறை தெரியும். முந்தின ஓட்டங்களில் பட்ட சாயம் அது!

பழைய ரசிகர்களுக்கு மட்டும் புரியும் ஒரு வேடிக்கையும் உண்டு. சம்மட்டி வந்து ஒரு டெலிவிஷன் பெட்டியை உடைக்கிறது. அந்தப் பெட்டியில் அப்போது ஓடிக்கொண்டிருப்பது எது? எட்டு எந்திர ஆட்டம்!

செலவுக்குப் பணம் கொடுத்தது ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி. தொடக்கத்தில் ஒரு பொம்மை லாரியில் அதன் பெயரும், முடிவில் ஒரு நன்றியும். அவ்வளவுதான் விளம்பரம். 2010 மார்ச் 1-ந் தேதி வெளியான இந்தப் படத்துக்குப் பூட்டு இல்லை. யார் வேண்டுமானாலும் தங்கள் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளலாம். அதே மாதம் 10-ந் தேதி, ஈ.எம்.ஐ.யை விட்டு விலகியதாகக் கோஷ்டி அறிவித்தது. "பாரகடூட்" என்று சொந்தக் கம்பெனி தொடங்கிவிட்டார்கள்.

ஆகாயத்தில் ஆட்டம்

அதற்குப் பிறகு இசைத்தட்டு முதலாளி இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் யாராவது ஒரு வியாபாரியைப் பிடிக்க வேண்டும். இதில் ஆபத்தும் இருக்கிறது. விளம்பரம் கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தால் ரசிகர் முகம் சுளிப்பார்.

2016-ல் ஒரு ரஷிய விமானக் கம்பெனி கை கொடுத்தது. விமானம் மேலே ஏறி, வளைந்து, கீழே இறங்கும்போது உள்ளே இருப்பவர்களுக்குச் சுமார் 27 விநாடி நேரம் எடையே இருக்காது. பறவைபோல மிதக்கலாம். பிறகு மறுபடி ஏறுவதற்குச் சில நிமிடம் ஆகும். பாட்டோ மூன்று நிமிடத்துக்கு மேல். என்ன செய்வது? விமானத்தை அடுத்தடுத்து எட்டு தடவை ஏற்றி இறக்கினார்கள். இடைப்பட்ட நிமிடங்களில் நால்வரும் அப்படியே ஆடாமல் அசையாமல் இருந்தார்கள். காமிராவை நிறுத்தவில்லை. பிறகு அந்தச் சும்மா இருந்த பகுதிகளை மட்டும் நீக்கினார்கள். மிதந்தது அத்தனையும் நிஜம்.

இதற்காக 21 முறை பறந்தார்கள். படக்குழுவினர் வாந்தி எடுத்தது மொத்தம் 58 தடவை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்!

அதே ஆண்டு நவம்பரில், ஓர் உப்புக் கம்பெனியின் உதவியோடு இன்னொரு படம். சாய மூட்டைகள் வெடிக்கின்றன, தர்ப்பூசணிகள் சிதறுகின்றன. எல்லாம் நடந்து முடிய 4.2 விநாடிதான். அதை மெதுவாக ஓட்டி நான்கு நிமிடப் பாட்டாக்கினார்கள்.

"படம் நினைவிருக்கிறது, பாட்டு நினைவில்லையே" என்று குறை சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. எட்டு எந்திர ஆட்டத்தைப் பார்த்தவர்களில் எத்தனை பேரால் அந்த மெட்டை முணுமுணுக்க முடியும்? வேடிக்கை காட்டிக் கூட்டம் சேர்ப்பவருக்கு இந்தத் தொல்லை என்றும் உண்டு.

ஆனால் இவர்கள் எதிர்பாராத இடத்திலிருந்தும் ரசிகர்கள் வந்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார்கள்! நெம்புகோல், புவியீர்ப்பு, வேகம் என்று பாடம் நடத்தும்போது இந்தப் படங்களை வகுப்பில் போட்டுக் காட்டுவதாக அவர்கள் சொன்னார்கள். மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள செயின்ட் தாமஸ் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, 2018-ல் ஆசிரியர்களுக்காகவே ஒரு தளம் தொடங்கினார்கள். அந்த 4.2 விநாடிப் படத்துக்குள் 318 நிகழ்ச்சிகள் இருக்கின்றன. எது எந்த விநாடியில் வெடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே போட்ட கணக்கு, இப்போது பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடமாகிவிட்டது.