காயலங்கரையில் ஒரு பழைய பந்தயக் கார்

1984-ஆம் ஆண்டு ஜப்பானின் டாமியா நிறுவனம் வெளியிட்ட ‘ஹார்னெட்’ என்னும் சிறு பந்தயக் காரை என் மாமா சிங்கப்பூரிலிருந்து கொணர்ந்தார். அவர் இன்று இல்லை. சென்ற கோடையில் தேவரா வீட்டுப் பரணிலிருந்து அதனை இறக்கினேன்.

1898-இல் நியூயார்க்கில் நிக்கோலா டெஸ்லா படகொன்றைக் கம்பியின்றிச் செலுத்திக் காட்டிய தத்துவமே இதற்கும் அடிப்படை. கையிலுள்ள அலைபரப்பி 27 மெகா ஹெர்ட்ஸ் அளவில் ஆணையிட, காரிலுள்ள ஏற்பி அதனைப் பெற்று, ‘செர்வோ’ என்னும் சிறு மோட்டார்களை அசைக்கிறது. ஒரு செர்வோ சக்கரத்தைத் திருப்பும்; மற்றொன்று வேகத் தகட்டின் மீது தொடுமுனையை நகர்த்தும். காயலின் உப்புக் காற்றில் அத்தொடுமுனைகள் பச்சை பூத்திருந்தன. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்ததும் மின்சாரம் பாய்ந்தது.

ஆனால் ஒன்றை மறந்தேன். மோட்டாருக்குப் புதிய பாட்டரி இட்ட நான், ஏற்பிக்குரிய நான்கு சிறு பாட்டரிகளை மாற்றவில்லை. நடுவழியில் அவை ஓய்ந்தன. ஆற்றல் இழந்த செர்வோ இருந்த நிலையிலேயே நின்றுவிடும். அப்போது இருந்ததோ முழுவேகம்! திருப்பவும் இயலாமல் கார் காயலை நோக்கிப் பாய்ந்தது. கரையிலிருந்த தென்னை அதனைத் தடுத்தாட்கொண்டது. முன்தடுப்பு மட்டும் முறிந்தது. 2004-இல் இக்கார் மறுவெளியீடு பெற்றமையால் மாற்று உறுப்பு கிடைத்தது. முறிந்ததையும் எறியவில்லை, அது மாமா பூட்டியது.