நாமே செய்வதா? ஆளை அழைப்பதா? - கடை, வீட்டுப் பழுது வேலைகளுக்கு ஒரு கணக்கு

புரட்டாசி பிறந்துவிட்டால் ஆயுத பூஜைக்காகக் கடையைத் துடைத்து வெள்ளையடிப்பது நம் வணிகர்களின் வழக்கம். அதையடுத்து ஐப்பசி அடைமழை. ஆண்டு முழுவதும் தள்ளிப்போட்ட பழுது வேலைகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து வந்து நிற்பது இந்த இரண்டு மாதங்களில்தான். குழாய் ஒழுகும், ஷட்டர் பாதியில் நிற்கும், தளம் கசியும், புதிதாக வாங்கிய ஃப்ரீசருக்குப் பிளக் இருக்காது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் நம்மில் பலருக்குக் கீழே கடை, மேலே வீடு. இரண்டுக்குமான செலவு ஒரே கல்லாவிலிருந்துதான் போகிறது. "இதற்குப் போய் ஆள் எதற்கு? நாமே செய்துவிடலாமே" என்று தோன்றுவது இயல்பு. சில வேலைகளில் அந்த எண்ணம் முற்றிலும் சரி. சிலவற்றில் அது உயிருக்கே உலை வைத்துவிடும். எது எப்படிப்பட்டது என்று பிரித்தறிய நமக்கு ஓர் அளவுகோல் வேண்டும்.

சட்டம் போட்டுத் தந்த கோடு

அந்த அளவுகோல் மின்சாரச் சட்டவிதிகளிலேயே இருக்கிறது. மின்விளக்கு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச், 250 வோல்ட்டுக்கு மேற்படாத வீட்டு மின்சாதனங்கள் ஆகியவற்றை, மின்னமைப்பின் திறனும் தன்மையும் மாறாதபடி மாற்றிக்கொள்ள மட்டுமே விலக்கு உண்டு. மற்ற வேலைகளை அரசு உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரே, தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில் செய்யவேண்டும். 1956ஆம் ஆண்டு விதிகளில் இருந்த இந்த ஏற்பாடு, அவற்றின் இடத்தில் வந்த மத்திய மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறைகளிலும் தொடர்கிறது. தமிழ்நாட்டில் இந்த உரிமத்தை வழங்குவது கிண்டியில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம்.

"திறனும் தன்மையும் மாறாதபடி" என்ற இந்தச் சொற்களை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். இருந்ததை இருந்தபடியே புதுப்பிக்கும் வேலையை நாம் செய்யலாம். இருப்பதை மாற்றும் வேலைக்குத் தொழில் தெரிந்தவர் வேண்டும். மின்சாரத்துக்கு மட்டுமல்ல, கொத்து வேலைக்கும் குழாய் வேலைக்கும் இது பொருந்தும்.

ஃப்ரீசரும் ஃபியூஸ் கம்பியும்

எரிந்துபோன பல்பை மாற்றுவது முதல் வகை. விளக்குக்குப் போகும் மெல்லிய வயரிலிருந்தே ஐஸ்கிரீம் ஃப்ரீசருக்கும் இணைப்பு எடுப்பது இரண்டாம் வகை. ஃப்ரீசரின் மோட்டார் ஓடும்போது இழுக்கும் மின்சாரத்தைவிடக் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும். மெல்லிய வயர் ஒவ்வொரு முறையும் சூடேறும். மேலுறை மெல்ல இளகும். அது குழாய்க்குள் நடப்பதால் நம் கண்ணுக்குத் தெரியாது. ஒருநாள் பொறி பறந்தால், பக்கத்தில் இருப்பது எண்ணெய் டின், அட்டைப்பெட்டி, சாக்கு.

ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று தடித்த கம்பியைச் சுற்றிவைப்பவர்கள் உண்டு. ஃபியூஸ் என்பது காவல்காரன். அடிக்கடி சத்தம் போடுகிறான் என்று அவன் வாயைக் கட்டிவிட்டால் திருடன் வரமாட்டானா?

ஃப்ரீசருக்குத் தனி லைன், குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 16 ஆம்பியர் பிளக், முறையான எர்த், தனி எம்.சி.பி. ஆகியவற்றை எலக்ட்ரீஷியனிடம் கேட்டு வாங்குங்கள். கூடவே, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியையும் பொருத்தச் சொல்லுங்கள். அதில் உள்ள 'டெஸ்ட்' பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நம் வேலை. மொத்த லோடு, அனுமதி பெற்ற அளவைத் தாண்டுமானால் மின்வாரியத்தில் கூடுதல் லோடுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மின்வாரியத்தின் 'மின்னகம்' தொலைபேசி எண்: 94987 94987.

வாடகைக் கடை என்றால்

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையும் இதே கோட்டைத்தான் போடுகிறது. கட்டட அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பு, குழாய் மாற்றம், மின் வயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட் பழுது, வடிகால் அடைப்பு போன்ற சிறு வேலைகள் வாடகைதாரர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் அதுவே செல்லும். ஆகவே சுத்தியலை எடுக்குமுன் வாடகை ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள்.

நாமே செய்யத்தக்கவை

1. வெள்ளையடிப்பு. சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி அணியாமல் மேல்தளத்துக்கு மட்டை பிடிக்கக் கூடாது.

2. குழாய் வாஷர் மாற்றுவது. முதலில் தொட்டியின் வால்வை மூடவேண்டும்.

3. ஷட்டரின் இருபக்கக் காடிகளில் தூசியைத் துடைத்து கிரீஸ் தடவுவது.

4. மொட்டை மாடியில் மழைநீர் இறங்கும் வாயில் சேர்ந்த சருகை அள்ளுவது. கால்மணி நேர வேலை. செய்யாவிட்டால் நீர் தேங்கித் தளம் முழுவதும் ஊறும்.

5. சரக்கை உயரத்தில் ஏற்றுவது. 2015 டிசம்பர் வெள்ளம் நமக்கு நினைவிருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. அரிசி, பருப்பு, சர்க்கரை மூட்டைகள் தரையில் இருக்கலாகாது. பலகை அடித்து உயர்த்த யாருடைய உதவியும் தேவையில்லை. ஆனால் தண்ணீர் புகுந்து வடிந்த கடையில், எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லும்வரை மெயினைப் போடக் கூடாது.

ஆளை அழைத்தே தீரவேண்டியவை

ஷட்டர் ஸ்பிரிங்: மேலே உருளைக்குள் இருக்கும் ஸ்பிரிங் முறுக்கேற்றி வைக்கப்பட்டது. அதை அவிழ்க்கத் தெரியாமல் கைவைத்தால் விரலை முறித்துவிடும்.

தளக் கசிவு: உள்பக்கக் கூரையில் சிமென்ட் பூசினால் கறை மறையும், கசிவு நிற்காது. நீர் மேலிருந்து வருகிறது; அங்கே தட்டோட்டின் இணைப்பிலோ கைப்பிடிச் சுவரின் அடியிலோ வெடிப்பு இருக்கும். கூரைப் பூச்சு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் கொத்தனார் மட்டும் போதாது, பொறியாளரைக் காட்டுவது நல்லது.

தராசு: 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி, எடைக் கருவிகளைப் பழுது பார்க்க உரிமம் வேண்டும். பழுது பார்த்தபின் மறுமுத்திரையும் வேண்டும். எலக்ட்ரானிக் தராசுதானே என்று திருகாணியைக் கழற்றாதீர்கள்.

கழிவுத் தொட்டி: பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத தெருக்களில் இதுதான் மிகக் கொடிய வேலை. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அளவு மிஞ்சும்போது மோப்ப உணர்வையே மழுங்கடித்துவிடும். நாற்றம் இல்லை என்று நம்பி இறங்கியவர் நினைவிழந்து விழுவார். அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார். நாமும் இறங்கக் கூடாது. கூலி பேசி வேறு ஒருவரை இறக்கவும் கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆபத்தான முறையில் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆளை அமர்த்துவது குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டுவரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். இப்படி இறப்போரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. உரிமம் பெற்ற கழிவுநீர் உறிஞ்சும் லாரியை மட்டுமே அழையுங்கள். அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியில் இருப்பதால் அங்குள்ளவர்கள் குடிநீர் வாரியத்தையும், ஆவடியில் மாநகராட்சியையும், பூந்தமல்லியில் நகராட்சியையும் விசாரிக்கலாம்.

கல்லாக் கணக்கு

நாமே செய்யத்தக்க வேலை என்றாலும் செய்வது லாபமா என்று பார்க்கவேண்டும். ஒருநாள் வியாபாரம் 15,000 ரூபாய், அதில் நிகர லாபம் 8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். லாபம் 1,200 ரூபாய். பெயிண்டர் கூலி 1,000 ரூபாய் என்றால், கடையை மூடிவிட்டு நாமே வெள்ளையடிப்பதில் 200 ரூபாய் நட்டம். அன்று பக்கத்துக் கடைக்குப் போன வாடிக்கையாளர் திரும்பி வராவிட்டால் அந்த நட்டம் தனி. விடுமுறை நாளிலோ, கடை அடைத்தபின் மாலையிலோ செய்தால் அந்தக் கூலி முழுவதும் மிச்சம். உங்கள் கடைக்கு உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

ஆளை அமர்த்தும்போது

சரக்கு வாங்கும்போது காட்டும் கறாரை இங்கேயும் காட்டவேண்டும். முதலில் நாமே அளக்கவேண்டும். 10 அடி அகலம், 15 அடி நீளம், 10 அடி உயரமுள்ள கடையின் நான்கு சுவர்களும் சேர்ந்து 500 சதுர அடி. 8-க்கு 8 ஷட்டர் வாய் 64 போக 436. கூரை 150. மொத்தம் 586 சதுர அடி. இது நமக்குத் தெரிந்திருந்தால் யாரும் 800 என்று சொல்லி வாங்க முடியாது.

வேலை இன்னது, பொருள் யார் வாங்குவது, எத்தனை நாள், எவ்வளவு தொகை என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். முன்பணம் பொருளுக்கு மட்டும் கொடுங்கள். மீதியை வேலை நகர நகரக் கொடுங்கள். கடைசிப் பங்கை ஒரு மழை பார்த்தபின் கொடுப்பதாக முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். மூவரிடம் விலை கேளுங்கள். ஆனால் விலை குறைந்தவர் என்பதற்காகவே உரிமம் இல்லாதவரிடம் வயரிங் வேலையைக் கொடுக்காதீர்கள். பில் வாங்கி வையுங்கள். கடைப் பராமரிப்புச் செலவைக் கணக்கில் காட்ட அது தேவைப்படும். கடைக்கான பில்லையும் மாடி வீட்டுக்கான பில்லையும் தனித்தனியே வாங்குவது நலம்.

மழை தொடங்குமுன் கடையையும் வீட்டையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். ஒரு தாளில் நடுவே கோடு போட்டு, 'இருந்தபடி புதுப்பிப்பது' ஒரு பக்கம், 'மாற்றியமைப்பது' மறுபக்கம் என எழுதுங்கள். இடப்பக்க வேலைகளை வீட்டார் துணையோடு முடித்துவிடலாம். அதில் மிச்சமாகும் பணத்தை வலப்பக்க வேலைகளுக்குத் தாராளமாகச் செலவிடுங்கள். அந்தச் செலவு நம் சரக்கையும் நம் வீட்டாரையும் நமக்காக உழைக்கும் தொழிலாளியையும் காக்கும்.