கம்ப்யூட்டர் பிளானும் சுவரோரப் பட்டையும்: கடை கட்டுவோர் கவனத்திற்கு



சரக்கு விலையும் வரி விவரமும் படிக்கிற இடத்தில் கட்டட வேலையைப் பற்றி எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். நம்மில் பலர் பழைய கடையை இடித்துப் புதிதாகக் கட்டுகிறோம். என்ஜினியர்கள் இப்போது காகித பிளானோடு நிற்பதில்லை. கம்ப்யூட்டரில் கடையையே கட்டி, உள்ளே நடந்து போவதுபோல் காட்டுகிறார்கள். அந்தப் படத்தை மட்டும் நம்பி நான் ஓரிடத்தில் நஷ்டப்பட்டேன். அதைச் சொன்னால் மற்றவர்கள் தப்பிக்கலாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் மகனுக்காகச் சில்லறைக் கடை ஒன்று கட்டினோம். படத்தில் எல்லாம் அழகாக இருந்தது. தரையை ஒட்டி, சுவரோரம் நான்கு அங்குல உயரத்தில் பழுப்பு நிறப் பட்டை ஓடியது. அதைத்தான் ஸ்கர்ட்டிங் என்கிறார்கள். சுவரில் இரண்டு தூண்களுக்கு நடுவே சரியாக 8 அடி. அதில் பொருந்தும்படி 95½ அங்குல அகலத்தில் நான்கு இரும்பு ராக் செய்யச் சொன்னோம். ராக் வந்து இறங்கிய அன்று ஒன்றுகூட உள்ளே போகவில்லை. தூணின் பக்கங்களில் ஒட்டிய டைல்ஸ் பட்டை, பக்கத்துக்கு முக்கால் அங்குலம் வெளியே நின்றது. கீழே மிஞ்சிய இடம் 94½ அங்குலம்தான்.

கடை திறக்க நாள் குறித்தாயிற்று. ராக்கை வெட்ட நேரமில்லை. எனவே அந்த இடங்களில் பட்டையை உடைத்து எடுத்தோம். கடை திறந்தோம். ஆனால் தரை கழுவுகிற தண்ணீர் தினமும் அங்கே பூச்சுக்குள் இறங்கியது. அடுத்த மழைக்காலத்தில் சுவரின் அடிப்பகுதி பொரிந்து உதிர்ந்தது. கீழ்த்தட்டில் வைத்த சர்க்கரையும் ரவையும் ஈரம் பாய்ந்து வீணாயின.

பின்னர் என் சகோதரி மகன், அவனும் கட்டட வரைபட வேலை செய்கிறவன், அந்த பிளானை வாங்கிப் பார்த்துவிட்டு, "மாமா, இதில் பட்டையே இல்லை. சுவரில் நிறம்தான் பூசியிருக்கிறது" என்றான். அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது.

பட்டை எதற்காக?

ஸ்கர்ட்டிங் அழகுக்கு மட்டும் அல்ல. துடைப்பமும் ஈரத்துணியும் சுவரின் அடியைத்தான் உரசும். மூட்டை இழுத்தால் அங்கேதான் இடிக்கும். தரையும் சுவரும் சேருகிற சந்தில்தான் எறும்பும் கரப்பானும் குடியேறும். அந்தச் சந்தை அடைத்துச் சுவரைக் காப்பதே பட்டையின் வேலை. உணவுப் பொருள் வியாபாரிகளுக்கான 2011ஆம் ஆண்டு உரிமம், பதிவு விதிமுறைகளின் 4ஆவது அட்டவணையும், தரையையும் பட்டை பதித்த சுவர்களையும் தேவைக்கேற்பக் கிருமிநாசினி கொண்டு கழுவ வேண்டும் என்கிறது. ஆகவே மளிகைக் கடைக்கு இது வீண் செலவு ஆகாது.

கம்ப்யூட்டரில் எப்படிச் செய்கிறார்கள்?

நம் வீட்டு முறுக்கு உழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சில் எந்த வடிவில் துளை இருக்கிறதோ அதே வடிவில் மாவு வரும். கை போகிற வழியில் அது சுற்றும். கம்ப்யூட்டரிலும் அதே முறைதான். முதலில் பட்டையைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வடிவத்தை வரைகிறார்கள். உயரம் நான்கு அங்குலம், கனம் முக்கால் அங்குலம், மேல் ஓரம் மழுங்கல் என்று அதில் எல்லாம் வந்துவிடும். அடுத்து அது ஓட வேண்டிய வழியைச் சுவரோரமாகக் காட்டுகிறார்கள். அந்த வடிவம் அந்த வழியே இழுபட்டு முழுப் பட்டையாகிவிடுகிறது. மூலைகளில் இரு பக்கமும் தானாகவே சாய்வாகச் சேர்ந்துகொள்ளும்.

ஸ்கெட்ச்அப் என்ற மென்பொருளில் இதற்கு 'ஃபாலோ மீ' என்று பெயர். ரெவிட் என்பதில் 'வால் ஸ்வீப்' என்கிறார்கள். பெயர் எதுவானாலும் தத்துவம் ஒன்றே. கூரை ஓரத்தில் ஓடும் கார்னிஸ், கதவைச் சுற்றி வரும் சட்டம், சுவரில் ஓடும் பூ மோல்டிங் எல்லாம் இதே முறைதான். அச்சை மாற்றினால் போதும்.

இப்படிச் செய்தால் பட்டைக்குக் கனம் உண்டு. ராக் இடிக்கிறதா என்று திரையிலேயே அளந்து பார்க்கலாம். நிறம் மட்டும் பூசினால் படம் ஒன்றுபோலத்தான் தெரியும், ஆனால் கனம் இல்லை. எனக்கு நேர்ந்தது அதுதான்.

அளவுக் கணக்கு

கனத்தோடு வரைந்தால் கம்ப்யூட்டர் மொத்த நீளத்தையும் சொல்லும். அதையும் சரிபார்த்தே ஏற்க வேண்டும். உதாரணமாக, உள் அளவு 20 அடிக்கு 40 அடி உள்ள கடை. சுற்றளவு 120 அடி. முன் ஷட்டர் 12 அடி, பின் கதவு 3 அடி, ஆக 15 அடி கழிக்க வேண்டும். மீதி 105. சுவரிலிருந்து முக்கால் அடி துருத்தும் தூண்கள் ஆறு இருந்தால், ஒவ்வொன்றின் இரு பக்கத்துக்கும் ஒன்றரை அடி கூடும். அது 9 அடி. சரியான நீளம் 114 அடி.

ரெவிட்டில் கதவு வரும் இடத்தில் பட்டை வெட்டுப்படுவதற்கு ஒரு குறி இட வேண்டும். அதை மறந்தால் பட்டை கதவின் குறுக்கே ஓடும், கணக்கிலும் ஏறும். ஸ்கெட்ச்அப்பில் வழி வரைகிறவரே கதவு வருமிடத்தில் விட்டு விட்டு வரைய வேண்டும். தனியாக நிற்கும் தூண்களும் விடுபடக்கூடும். ஏனென்றால் 'வால் ஸ்வீப்' சுவரைப் பற்றியே ஓடும்.

கம்ப்யூட்டர் தானாகச் சொல்லாத இன்னொரு கணக்கும் உண்டு. 600 மி.மீ. டைல்ஸில் 100 மி.மீ. பட்டை ஆறு வரும் என்று தோன்றும். வராது. மெஷின் பிளேடு ஒவ்வொரு வெட்டுக்கும் 2, 3 மி.மீ. தின்னும். ஐந்துதான் முழுதாக வரும். 114 அடிக்கு 12 டைல்ஸ் வேண்டும். பட்டையை 95 மி.மீ. என்று வைத்தால் ஆறும் வரும், 10 டைல்ஸ் போதும். உடைசலுக்கு ஒன்றிரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் வெட்டும் முன்பே இதை என்ஜினியரிடம் பேசி, பிளானிலும் அதே உயரத்தை வைக்கச் சொல்ல வேண்டும்.

பூ வேலை எங்கே வேண்டும்?

கடைக்குள் வரிவரியாகக் கோடு விழுந்த பட்டை வேண்டாம். மாவுத் தூசியும் சர்க்கரையும் அந்தக் கோட்டில் தங்கும், எறும்பு வரும். வழுவழுப்பான நேர்ப்பட்டையே நல்லது. பூச்சுக்குச் சமமாக உள்ளிழுத்துப் பதித்தால் இன்னும் நல்லது, ராக்கும் இடிக்காது. ஆனால் பூச்சு வேலைக்கு முன்பே கொத்தனாரிடம் சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் கொத்தி எடுக்க வேண்டியதுதான்.

மாடியில் வீடு கட்டினால் கார்னிஸ் வைக்க ஆசைப்படுவோம். தவறில்லை. ஆனால் கூரை வரை உயர்ந்த அலமாரியின் கதவும், ஏ.சி. பெட்டியும் அதில் இடிக்கின்றனவா என்பதையும் திரையில் பார்த்துவிடுங்கள். நுணுக்கமான மோல்டிங்கை வீடு முழுவதும் வரைந்தால் கம்ப்யூட்டர் திணறும். ஓர் அறையில் மட்டும் முழுதாக வரைந்து காட்டச் சொன்னால் முடிவெடுக்க அது போதும்.

என்ஜினியரிடம் கேட்க வேண்டியவை

1. பட்டை கனத்தோடு வரையப்பட்டதா, நிறம் மட்டும் பூசியதா?
2. குறுக்கு வெட்டுப் படம் எங்கே? உயரமும் கனமும் எவ்வளவு?
3. கதவு, ஷட்டர் கழித்து, தூண் பக்கங்கள் கூட்டி நீளப் பட்டியல் கொடுத்தாயிற்றா?
4. ராக் அளவு சுவரிலிருந்து எடுத்ததா, பட்டையிலிருந்து எடுத்ததா?

கடைசியாக ஒன்று. கம்ப்யூட்டர் எல்லா மூலையையும் நேர்மூலை என்றே வைத்துக்கொள்ளும். கொத்தனார் கட்டிய சுவர் அப்படி இருக்காது. பட்டை ஒட்டி முடித்த பிறகு, தரை மட்டத்தில் டேப் பிடித்து அளந்துவிட்டே ராக்குக்கு ஆர்டர் கொடுங்கள். இரண்டாவது மகனின் கடைக்கு நான் அப்படித்தான் செய்தேன். ராக் வந்த அன்றே சரக்கு அடுக்கினோம்.

மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் நாம் யாரும் பணம் எண்ணிக் கொடுப்பதில்லை. பிளானையும் அப்படியே பிரித்துப் பார்த்து வாங்குமாறு நம் உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.