ஆற்று நீரும் அயலார் படிப்பினையும்

கோவில்பட்டிக்கு அருகே, கரிசற்காட்டின் நடுவே அமைந்த சிற்றூர் ஒன்றில் நான் பிறந்தேன். பருத்தியும் கம்பும் சோளமும் மழையை நம்பி விளையும் பூமி அது. ஆற்றுப் பாய்ச்சல் இல்லை. கிணறு தோண்டினாலோ பல இடங்களில் உவர்நீரே ஊறும். ஆகவே குடிப்பதற்கென்று ஓர் ஊருணியை எங்கள் ஊரார் தனியே காத்துவந்தனர். அதில் கால் நனைக்கலாகாது, துணி துவைக்கலாகாது, மாடு இறங்கலாகாது. முகந்து வந்த நீர் கலங்கலாக இருந்தால், என் பாட்டியார் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து வைப்பார். சிறிது நேரத்தில் மண் அடியில் படிய, மேலே தெளிந்த நீர் நிற்கும்.

பின்னர்க் குழாய் நீர் வந்தது. ஊரே மகிழ்ந்தது, நானும் மகிழ்ந்தேன். ஆனால் அன்று முதல் ஊருணியைக் காப்பார் இல்லை. வீட்டுச் சாக்கடைகள் அதை நோக்கித் திரும்பின. சில ஆண்டுகளில் அது பாசி படர்ந்து நாற்றமெடுத்தது. தடுக்க வேண்டிய நாங்கள், "நமக்குத்தான் குழாய் இருக்கிறதே" என்று வாளா இருந்துவிட்டோம். குழாய் நீர் எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பார்க்கவும் இல்லை.

கோவில்பட்டி நகரத்துக்குரிய குடிநீர், சீவலப்பேரியில் தாமிரபரணியிலிருந்து எடுக்கப்படுகிறது. பொதிகையில் பிறக்கும் அவ்வாறு திருநெல்வேலியைக் கடந்த பின்னரே சீவலப்பேரியை அடைகிறது. மேலே உள்ளோர் ஆற்றில் விடும் கழிவு, கீழே உள்ளோரின் குடத்தைத் தேடி வரும் அன்றோ? நகரக் கழிவுநீர் ஆற்றில் கலப்பது குறித்து உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கு நடந்தது. 2024-ஆம் ஆண்டில் நீதிபதிகளே நேரில் வந்து ஆற்றைப் பார்வையிட்டனர்.

இத்தகைய இடரைப் பிற நாட்டார் எவ்வாறு எதிர்கொண்டனர்? முதலில் லண்டன் மாநகரைப் பார்ப்போம். 1854-இல் அங்கே வாந்திபேதி பரவியது. தென் லண்டனில் இரண்டு கம்பெனிகள் தேம்ஸ் ஆற்று நீரை வழங்கி வந்தன. ஒன்று, 1852-இலேயே தான் நீர் எடுக்கும் இடத்தை நகருக்கு மேலே, தூய நீர் வரும் பகுதிக்கு மாற்றிக்கொண்டது. மற்றொன்று, நகரக் கழிவு கலந்த இடத்திலேயே எடுத்துவந்தது. ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தோரின் வீடுகளைக் கணக்கெடுத்தார். கொள்ளைநோயின் முதல் ஏழு வாரங்களில், பத்தாயிரம் வீடுகளுக்கு முதற் கம்பெனியின் நீரைக் குடித்தவர்களில் 37 பேரும், மற்றதன் நீரைக் குடித்தவர்களில் 315 பேரும் மாண்டிருந்தனர். நீர் எடுக்கும் துறை எங்கே உள்ளது என்பது உயிர் பற்றிய வினா என்பதை இதனினும் தெளிவாகக் காட்ட இயலுமோ?

1858-ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸின் நாற்றம் பார்லிமெண்டு சபையையே மூச்சுத் திணறச் செய்தது. உடனே சட்டம் பிறந்தது. பஸல்ஜெட் என்ற பொறியியல் வல்லுநர் பெருஞ்சாக்கடைகளை அமைத்தார். ஆனால் அவை கழிவைத் தூய்மை செய்யவில்லை. நகருக்குக் கிழக்கே கொண்டுபோய் ஆற்றிலேயே விட்டன. கண்ணுக்கு மறைந்ததேயொழியக் கழிவு ஒழியவில்லை. 1957-இல் அவ்வாற்றின் ஒரு பகுதி உயிரற்றது என்று அறிவிக்கும் நிலை வந்தது. கழிவு நீரில் கலந்தால், அதைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் நீரிற் கரைந்துள்ள பிராணவாயுவைச் செலவிட்டுவிடும்; மீன்கள் மூச்சின்றி மடியும். பின்னர்ச் சுத்திகரிப்பு நிலையங்களைச் செம்மை செய்த பிறகே, 1974-இல் சால்மன் மீன் அங்கே மீண்டும் காணப்பட்டது.

அடுத்து ரைன் நதி. பல நாடுகளைக் கடந்து ஓடும் அதைக் காக்க ஸ்விட்ஸர்லாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, லக்ஸம்பர்க், ஹாலந்து ஆகியவை 1950-இல் ஒரு குழுவை அமைத்தன. ஆயினும் பல்லாண்டுகள் பேச்சாகவே கழிந்தன. 1986 நவம்பர் 1-ஆம் நாள், பேஸல் நகருக்கு அருகே ஒரு ரசாயனக் கிடங்கு தீப்பற்றியது. தீயை அணைத்த நீர், பூச்சிமருந்துகளை அடித்துக்கொண்டு ஆற்றில் இறங்கியது; விலாங்கு மீன்கள் திரள்திரளாக மாண்டன. அந்த அதிர்ச்சிதான் நாடுகளைச் செயலில் இறக்கியது. 2000-ஆம் ஆண்டுக்குள் சால்மன் திரும்பவேண்டும் என்று மறு ஆண்டே குறிக்கோள் வகுத்தனர், மீனும் திரும்பியது. பல நாடுகள் கூடிச் செய்ததை, ஒரே மாநிலத்திற் பிறந்து ஒரே மாநிலத்திற் கடலடையும் தாமிரபரணிக்கு நாம் செய்தல் அரிதோ?

நம் நாட்டிலும் பாடம் உண்டு. நொய்யலாற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று 1992-இல் கட்டப்பட்ட அணை, திருப்பூர்ச் சாயக் கழிவின் தொட்டியாயிற்று. சாக்கடையை நுண்ணுயிர்கள் தின்னும். சாயத் தொழிலில் பயன்படும் உப்பை எவ்வுயிரும் தின்னாது. சோடிய உப்பு மிகுந்த நீர் களிமண்ணின் கட்டைக் குலைத்து, நீர் உள்ளே இறங்காதபடி இறுக்கிவிடும். கரிசல் மண்ணும் களி மிகுந்ததே என்பதை நம் மாவட்டத்து மாணவர்கள் மறக்கலாகாது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரை வெளியே விடாமல் தூய்மை செய்து மீண்டும் பயன்படுத்தும் முறையை ஏற்ற பின்னரே பட்டறைகள் திறந்தன. மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற நெறியை, வேலூர்த் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் 1996-இலேயே உறுதிப்படுத்தியிருந்தது. நீர் மாசுத் தடுப்புச் சட்டமோ 1974-இலேயே இயற்றப்பட்டது. சட்டம் முன்னே வந்தது. செயல் வெகு பின்னே வந்தது. அவ்விடைவெளியில் நொய்யற்கரை உழவர்கள் தம் நிலத்தை இழந்தனர்.

சென்ற கோடையில் எங்கள் ஊருணிக் கரையில் நின்றேன். பாட்டியாரின் தேற்றாங்கொட்டை மண்ணைத்தான் தெளியவைக்கும். நோய்க்கிருமியை நீக்க அதனை நம்ப முடியாது, உப்பை அது நீக்கவே நீக்காது. ஆனால் அவர்கள் காத்த விதி அதனினும் பெரியது: குடிக்கும் நீரில் எவரும் கால் வைக்கலாகாது. லண்டனும் ரைன் நாடுகளும் பெரும்பொருள் செலவிட்டுக் கற்ற பாடம் அதுவே. மாணவ நண்பர்களே, இன்று வீடு திரும்பியதும் ஒன்றைக் கேட்டறியுங்கள்: உங்கள் வீட்டுக் கழிவுநீர் எங்கே சென்று முடிகிறது? அதற்குக் கீழே குடம் ஏந்தி நிற்பவர் யார்? நாங்கள் கேட்கத் தவறிய வினா அது.